உத்தரவு நகல் எங்கே?

சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு 2020 ஜூன் இறுதியில் விசாரணைக்குப் போன நீதித் துறை நடுவர், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் சிசிடிவி பற்றி ஒரு விவரம் இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் அளவுக்கு இடம் இருந்தது. ஆனாலும் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் பிடித்துச்சென்ற ஜூன் 19 இரவில் அங்கே என்ன நடந்தது என்பதைக் காட்டும் பதிவு, நடுவர் தேடியபோது இல்லை.

அந்தத் தந்தை, மகன் இருவரின் மரணத்துக்காகவும் சமூக ஊடகம் கொதித்தது. பாடகி சுசித்ரா ஆங்கிலத்தில் பேசி வெளியிட்ட காணொளி, விஷயத்தை விந்திய மலைக்கு அப்பால் கொண்டுபோனது. அதில் மிகை இருக்கிறது என்று சிபிசிஐடி பின்னர் ஆட்சேபிக்க, அவர் அதை நீக்கிவிட்டார். அந்த இரைச்சல் மட்டும் எழாமல் இருந்திருந்தால், எல்லாம் அவர்களை அடைத்த கோவில்பட்டிக் கிளைச் சிறையோடு முடிந்து, ‘உடல்நலக் குறைவால் மரணம்’ என்று ஒற்றைப் பத்திச் செய்தியாக அடங்கியிருக்கும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், வழக்கை நிற்கவைத்தவை வேறு: நடுவரின் அறிக்கை, பயந்துகொண்டேயாயினும் நடந்ததைச் சொன்ன பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலம், லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததாக அவர் சொன்னதைப் பதிந்த குறிப்பு. எல்லாமே காகிதங்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 2-இல், பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அத்தகைய வசதி கிடைக்காத இடத்தில்கூட ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. லாக்கப் மரணம் நிகழும்போதெல்லாம் நம் முகநூல் பக்கங்கள் பொங்குகின்றன. ‘அந்த நிலையத்தின் பதிவு எங்கே, 18 மாதத்துக்கு இருக்கிறதா?’ என்று கேட்ட பதிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2025 ஜூனில் திருப்புவனத்துக்குப் பக்கத்தில் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்தார். மறைவிலிருந்து ஒருவர் செல்போனில் எடுத்த காணொளி வெளியே வந்தது. மதுரைக் கிளை கடிந்துகொண்டது. வழக்கு சிபிஐக்குப் போனது. 2020-இல் ஆட்சியில் இருந்தது அதிமுக, 2025-இல் திமுக. ஐந்தாண்டு இடைவெளியில் இரு தரப்பு ஐடி விங்குகளும் வசனத்தை அப்படியே மாற்றிக்கொண்டதைப் பழைய பதிவுகளைத் தோண்டினால் பார்க்கலாம். அன்று ‘அரச பயங்கரவாதம்’ என்றவர்கள் ‘சில காவலர்களின் அத்துமீறல்’ என்றார்கள். அன்று ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்றவர்கள் முதல்வர் பதவி விலக வேண்டும் என்றார்கள். இரண்டு முறையும் அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு மேற்கோள் காட்டப்பட்டது.

தமிழில் உரிமை பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது. ஒருவர் கைதானதும் முதல் கேள்வி, அவர் எந்தக் கட்சி என்பது. உபி, சங்கி, அடிமை, தற்குறி ஆகிய நான்கில் ஒரு முத்திரை விழுந்த பிறகுதான் அவருக்குப் பேச்சுரிமை தரும் 19(1)(அ) பொருந்துமா பொருந்தாதா என்பது முடிவாகிறது. ‘உங்க ஆட்சியில நடக்கலையா?’ என்ற கேள்வியோடு திரி முடிந்துவிடும். இதனால் எந்த அரசுக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. எந்தப் பிரிவில் கைது, யார் கையெழுத்து, உத்தரவு நகல் எங்கே என்று யாரும் கேட்காதவரை நாம் எவ்வளவு சத்தம் போட்டாலும் அதிகாரிக்கு அது மழைச் சத்தம்தான்.

கட்சிக் கண்ணாடி எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின் கதையைச் சொல்லலாம். இணையத்தில் ‘எரிச்சலூட்டும்’, ‘அசௌகரியம் தரும்’ செய்தி போட்டால் மூன்றாண்டு வரை சிறை என்ற அந்தப் பிரிவு, 2008 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி. துறை அமைச்சர் திமுகவின் ஆ.ராசா. அந்தப் பிரிவில் 2012-இல் கைதானவர்களில் புதுச்சேரித் தொழிலதிபர் ஒருவர் உண்டு. கார்த்தி சிதம்பரம் பற்றி ட்வீட் போட்டது அவர் குற்றம். அதே ஆண்டு, பால் தாக்கரே மறைவுக்காக மும்பை ஏன் முடங்க வேண்டும் என்று முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட அவருடைய தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைதானார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இறுதி வாதத்துக்கு வந்தபோது ஆட்சி மாறியிருந்தது. பாஜக அரசின் வழக்கறிஞர்கள் அதே பிரிவுக்காக வாதாடினார்கள். கொண்டுவந்தது ஒரு கட்சி, காப்பாற்றப் பார்த்தது இன்னொன்று.

2015 மார்ச் 24-இல் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு அந்தப் பிரிவை ஒழித்தது. ஒரு கருத்தைப் பேசுவதும் அதற்காக வாதாடுவதும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் உரிமை. வன்முறைக்கோ குற்றத்துக்கோ தூண்டும்போதுதான் அரசு குறுக்கே வர முடியும் என்று கோடு போட்டது. சட்டக் கல்லூரிகள் கொண்டாடின. போலீஸ் நிலையங்களில் ஒன்றும் மாறவில்லை. அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருப்பதாக பியூசிஎல் அமைப்பு 2021-இல் உச்ச நீதிமன்றத்திடம் போனது. விசாரித்த அமர்வில் இருந்தவர், 66ஏ-யை ரத்துசெய்த தீர்ப்பை எழுதிய அதே ரோஹின்டன் நாரிமன். அவர் அதிர்ந்துபோனார். அட்டர்னி ஜெனரல் ஒரு விளக்கம் சொன்னார்: சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு இன்னும் முழுதாக அச்சிடப்பட்டிருக்கிறது, செல்லாது என்ற செய்தி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது, போலீஸ்காரர் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை. நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் தந்த உரிமை ஒரு நட்சத்திரக் குறிக்குக் கீழே பொடி எழுத்தில் கிடந்திருக்கிறது! இந்தப் பிரிவில் இனி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் ஒரு முறை உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஆகவே, ஒருவர் கைதாகும்போது சமூக ஊடகத்தில் முதலில் வர வேண்டியது எஃப்.ஐ.ஆர். நகல். நுட்பமான வழக்குகள் தவிர மற்றவற்றின் முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் மாவட்டம், நிலையம், எண் கொடுத்துத் தேடினால் கிடைக்கும். அதை எடுத்துப் படித்தாலே பாதி விவாதம் அடங்கிவிடும், அல்லது உருப்படியான திசைக்குத் திரும்பும். புகார்தாரர் யார்? பல நேரங்களில் ஆளுங்கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர். சில நேரங்களில் பதிவைத் தானே ‘கண்ணுற்ற’ உதவி ஆய்வாளர். எந்தப் பிரிவுகள்? பெரும்பாலும் மூன்றாண்டுக்குள் தண்டனை உள்ளவை. அவற்றில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்பது 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. அந்தப் பதிவின் எந்த வாக்கியம் எந்தக் குற்றம் என்று அறிக்கை சொல்கிறதா? சொல்லவில்லை என்றால், அதைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட வேண்டும்.

‘அரசை அவதூறு செய்துவிட்டார்’ என்று ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி கேட்கிறது. 1994-இல் நக்கீரன் தொடுத்த வழக்கில், ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவதைத் தமிழக அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது, உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: அரசோ உள்ளாட்சி அமைப்போ தன்னை அவதூறு செய்ததாகச் சொல்லி இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. ஆனாலும் ஆளுங்கட்சிகள் அரசு வழக்கறிஞர் மூலம் கிரிமினல் அவதூறு வழக்குகளைக் கொத்துக் கொத்தாகப் போட்டன. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் பத்திரிகையாளர்கள் மீதான அத்தகைய வழக்குகளை ரத்துசெய்யும்போது, அரசு என்பது பெற்றோர் ஸ்தானத்தில் இருப்பது, சாதாரண மனிதரைப் போல உணர்ச்சிவசப்பட முடியாது என்ற பொருளில் எழுதினார். நம்மூரில் இந்தத் தீர்ப்பைத் தெரிந்த ஐடி விங் ஆட்கள் இருக்கிறார்கள். எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது தெரியும்.

நெல்லையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2017 அக்டோபர் 23, திங்கள்கிழமை, ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்து அலுத்துப்போன ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு அந்த வளாகத்திலேயே தீக்குளித்தார். நான்கு பேருமே பிழைக்கவில்லை. முதல்வர், ஆட்சியர், காவல் ஆணையர் மூவரையும் கேலி செய்து கார்ட்டூனிஸ்ட் பாலா முகநூலில் ஒரு படம் போட்டார். நவம்பரில் சென்னை வந்து அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. அந்தப் படம் ஆபாசமா இல்லையா என்று வாரக்கணக்கில் பட்டிமன்றம் நடந்தது. அந்த மனுக்கள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போயின, ஒவ்வொன்றிலும் யார் என்ன குறிப்பு எழுதினார்கள் என்பது பட்டிமன்றத்தில் வரவேயில்லை. திங்கள்கிழமை மனு எப்படிப் பயணிக்கும் என்பது கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவருக்குத் தெரியும்: எண் போட்ட சீட்டு ஒன்று கையில் கிடைக்கும், மனு ‘உரிய நடவடிக்கைக்காக’ என்ற முத்திரையோடு யார் மீது புகாரோ அவர் அலுவலகத்துக்கே போய்ச் சேரும். அந்தச் சீட்டில் உள்ள எண்ணை வைத்து மனுவின் கோப்புக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியும். பாலாவின் படத்தைவிட அந்தக் குறிப்புகள் அதிகாரிகளை அதிகம் வதைத்திருக்கும்.

இனி தூத்துக்குடி. 2018 மே 22-இல் போராட்டக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். வேன் கூரை மீது சாதாரண உடையில் ஏறி நின்று குறிபார்த்த போலீஸ்காரரின் காட்சி செல்போன்களில் பரவியது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது, வதந்தியைத் தடுக்கவாம். துண்டிப்பு உத்தரவை அன்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? இணையத்தை முடக்கும் உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும், பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போக அது அடிப்படை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஜனவரி 10-இல், காஷ்மீர் தொடர்பான அனுராதா பசின் வழக்கில். நகல் கையில் இல்லாதவனுக்கு மேல்முறையீடு இல்லை என்ற எளிய விஷயத்தைச் சொல்ல நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தூத்துக்குடிச் சம்பவத்தை டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் பழனிசாமி சொன்னதும், அது உண்மையில்லை என்று துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் எழுதியதும், 2022 அக்டோபரில் பேரவையில் வைக்கப்பட்ட அறிக்கையில் இருக்கிறது. 17 காவல் துறையினர் மீதும் அப்போதைய ஆட்சியர் மீதும் நடவடிக்கைக்கு அது பரிந்துரைத்தது. அந்த அறிக்கையை மேற்கோள் காட்டி இன்றைக்கும் பழனிசாமியைக் கேலி செய்கிறார்கள். பரிந்துரைகளின் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே என்ன நடந்தது என்று ஓர் அட்டவணை போட்டுக் கேட்பதற்குக் கேலிக்குச் செலவாகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

மத்திய அரசின் பக்கம் வந்தால், நகல் என்ற பொருளே மாயமாகிறது. 2025 பிப்ரவரியில் ‘விகடன் பிளஸ்’ இணைய இதழின் அட்டையில் பிரதமர் மோடி கைவிலங்கோடு டிரம்ப் அருகில் அமர்ந்திருப்பது போன்ற கேலிச்சித்திரம் வந்தது. பாஜக மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை புகார் அனுப்பினார். 15-ஆம் தேதி இரவு விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. முறையான அறிவிப்பு எதுவும் தங்களுக்கு வரவில்லை என்று விகடன் சொன்னது. ஒரு படத்துக்காக ஒட்டுமொத்தத் தளமே மூடப்பட்டிருந்தது. அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச் 6-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

அதே விகடனின் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனை 1987-இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காகத் தமிழகச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைக்கு அனுப்பியது. கொடுமையான தண்டனைதான். ஆனால் அது சபையில் வைத்து, பேரவைத் தலைவரின் பெயரோடு, பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. யாரை எதிர்த்துக் கொடி பிடிப்பது என்று பத்திரிகை உலகத்துக்குத் தெரிந்தது. சில நாட்களில் அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. 2025-இன் உத்தரவுக்கு முகம் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இணையதள முடக்கத்துக்கான 69ஏ பிரிவின் 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-வது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு 69ஏ-யை ஏன் விட்டுவைத்தது? காரணங்கள் எழுத்தில் பதிவாகின்றன, அவற்றை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்பதால்தான். எழுத்தில் உள்ளதைக் காட்ட மறுத்தால் எதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போவது? வரதட்சணையைக் கிண்டல் செய்த ஓர் இணையதளம் 2018-இல் முடக்கப்பட்டது. அதை நடத்தியவருக்கு உத்தரவின் நகலைக் கொடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல 2022 மே மாதம் ஆனது.

இதற்கிடையே ‘சஹயோக்’ என்றொரு தளம் வந்துவிட்டது. உள்துறை அமைச்சகத்தின் கீழ் நடக்கும் இதன் வழியே, அதே சட்டத்தின் 79(3)(பி) பிரிவைக் காட்டி, மத்திய அமைப்புகளோடு மாநிலப் போலீஸாரும் சமூக ஊடக நிறுவனங்களுக்கு நேரடியாக நீக்கல் நோட்டீஸ் அனுப்பலாம். 69ஏ-யில் இருந்த பெயரளவுக் குழு இதில் கிடையாது. எக்ஸ் நிறுவனம் போட்ட வழக்கை 2025 செப்டம்பர் 24-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதம் விதியைத் திருத்தி, போலீஸில் டிஐஜிக்குக் குறையாத அதிகாரிதான் நோட்டீஸ் அனுப்ப முடியும் என்றார்கள். நல்லதுதான், ஆனால் எழுதியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. டெல்லியைத் திட்டும் நம் மாநிலத் தரப்பு இந்த வசதியை எவ்வளவு பயன்படுத்துகிறது? கர்நாடகத்துச் செய்திக்குப் பொங்கிய தமிழ்ப் பதிவுகளில் இந்தக் கேள்வி என் கண்ணில் படவில்லை.

பொய்யும் வெறுப்பும் கொட்டிக் கிடக்கும் இடத்தில் அரசு கைகட்டி நிற்க வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி, திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். தமிழ்நாடு போலீஸ் இந்தியிலேயே விளக்கம் வெளியிட்டது. தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போய்ப் பேசியது. பொய்யை அடித்தது அதுதான். அதோடு நிற்காமல் பிகார் யூடியூபர் ஒருவர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஏவியது, என் பார்வையில், தேவையில்லாத வேலை. பொய்ச் செய்தி போட்டவர் மீது சாதாரணக் குற்றவியல் வழக்கு போதாதா? 2021 ஏப்ரலில் ஆக்ஸிஜன் கேட்டு மக்கள் ட்விட்டரில் கதறியபோதும் ‘வதந்தி’ என்ற சொல்லைத்தான் சில அரசுகள் கையில் எடுத்தன. குறை சொல்லும் குடிமக்கள் மீது நடவடிக்கை எடுத்தால் நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று உச்ச நீதிமன்றம் எச்சரிக்க வேண்டிவந்தது.

காகிதம் கேட்கும் வழியும் குறுகிக்கொண்டு வருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு முன்பு தனிப்பட்ட தகவலை மறுக்க நிபந்தனை வைத்திருந்தது: பொதுநலனுக்குத் தேவை என்றால் தர வேண்டும், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) அந்த நிபந்தனைகளை வெட்டிவிட்டது. தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம். 8(2)-இல் பொதுநல விதிவிலக்கு இன்னும் இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது, ஆனால் அது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தபோது டிரெண்டிங்கில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு தாளுக்கு இன்னும் முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். காவல் துறைத் தலைமை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு இரண்டு கேள்விகள் போதும். கடந்த ஓராண்டில் 79(3)(பி) பிரிவில் தமிழ்நாடு போலீஸ் அனுப்பிய நீக்கல் நோட்டீஸ்கள் எத்தனை, எந்தெந்த நிறுவனங்களுக்கு, ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டவரின் பதவி என்ன? என் மாவட்டத்தின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இன்றைய தேதியில் எத்தனை நாள் சிசிடிவி பதிவு சேமிப்பில் இருக்கிறது? இரண்டிலும் யாருடைய தனிப்பட்ட தகவலும் இல்லை. பதில் வந்தால் அதை அப்படியே பதிவேற்றலாம். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டு மனுவை, தேதி முத்திரையோடு.